குளவி கொட்டிய புழு

குளவி ஒரு புழுவைப் பிடித்துவந்து மண்கூட்டிலே அடைத்து, அதனைச் சுற்றிச் சுற்றி ரீங்கரிக்க, அவ்வோசையை இடைவிடாது கேட்ட புழு தானும் குளவியாகிவிடுகின்றது என்பது நம்மவர் நெடுங்காலம் நம்பிவந்த செய்தியாகும். வடமொழியாளர் இதனைப் பிரமர கீட நியாயம் என்பர். குருவின் உபதேசத்தாற் சீடன் குருவாகவே மாறுவதற்கும், இறைவனை இடையறாது நினைந்த உயிர் அவன் தன்மையைப் பெறுவதற்கும் இதனைச் சமய நூலார் உவமையாகக் கையாண்டனர். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற காலத்தில் இவ்வுவமையை உரைகளிற் கண்டு நானும் சுவைத்திருக்கிறேன். ஆசிரியத் தொழிலுக்கு வந்தபின்னர் அதனை நம்பிவிடலாமா என்ற ஆசைகூட எழுந்ததுண்டு. நாள்முழுவதும் வகுப்பறையில் நின்று ரீங்கரிப்பவனுக்கு அவ்வாசை எழுவது இயற்கையே.

நம்மவர் மட்டும் இவ்வாறு நம்பினரல்லர். சீனத்தின் தொன்மையான பாடற்றொகுதியிலே குளவி புழுவைச் சுமந்து செல்வது பேசப்படுகின்றது. பின்வந்த அறிஞர், "என்னைப் போலாகு, என்னைப் போலாகு" என்று குளவி புழுவிடம் ஓதுவதாகவும், நல்லாசிரியரிடம் மாணவர் மாறுவதும் அவ்வாறே என்பதாகவும் விளக்கம் கூறினர். கி.பி. 456 முதல் 536 வரை வாழ்ந்த தாவ் ஹொங்ஜிங் என்ற மருத்துவ அறிஞர்தாம் கூட்டைத் திறந்து பார்த்தவர். உள்ளே குளவியின் சொந்த முட்டை தினையளவிற் கிடந்தது. புழுக்கள் அம்முட்டையிலிருந்து வரப்போகும் குஞ்சுக்கு உணவாக வைக்கப்பட்டிருந்தன. அவர் செய்த காரியம் மிகச் சிறியது. ஆயினும் அதனைச் செய்யாமலே எத்தனை நூற்றாண்டுகள் உவமை சொல்லிக் கழிந்துவிட்டன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆவணி மாதத்து வரட்சியிலே, கல்முனைக்குடியில் எனக்கு ஓர் அனுபவம் வாய்த்தது. விஞ்ஞான ஆசிரியர் விடுமுறையில் இருந்தார். அவருடைய பாடவேளையைக் கவனித்துக்கொள்ளுமாறு பத்தாந் தர வகுப்பிற்கு என்னை அனுப்பியிருந்தனர். மாணவன் ஒருவன் பத்திரிகைத் தாளிற் சுற்றிய தென்னோலைத் துண்டொன்றை மேசைமீது வைத்தான். ஓலையின் அடிப்புறத்தில் நூலும் எச்சமும் கலந்த நீண்ட கூடு. அதைப் பிரித்தபோது கருந்தலையும் உடல்நெடுகக் கபிலநிறக் கோடுகளும் உடைய புழு ஒன்று அசைவற்றுக் கிடந்தது. அதன் முதுகிலே சிறு முட்டைகள் ஒட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் எறும்பினும் சற்றே பெரிய கரிய குளவியொன்று நின்றது. பென்சில் முனையால் தொட்டும் அது விலகிப் பறக்கவில்லை.

"இது செத்த புழுவா சேர், உசிரோட இரிக்கிற புழுவா?" என்று அவன் கேட்டான். மறுநாள் தன் வாப்பா தென்னைகளுக்கு மருந்தடிக்க ஆள் பேசியிருப்பதாகவும் சொன்னான்.

எனக்கு விடை தெரியாது. வீட்டிற்குச் சென்று நூல்களைப் புரட்டிய பின்னரே, அந்தப் பையன் கேட்டது ஐரோப்பிய விஞ்ஞானத்தையே ஒருகாலத்திற் குழப்பிய வினா என்பதை அறிந்தேன்.

பிரான்சு நாட்டிலே லியோன் துபூர் என்ற புகழ்பெற்ற பூச்சியியலாளர், குளவிக் கூடுகளில் அடைக்கப்பட்டிருந்த வண்டுகள் பல நாட்களின் பின்னரும் அழுகாதிருந்தமையைக் கண்டு வியந்தார். குளவி தன் இரையைக் கொன்று, உடலைக் கெடாது காக்கும் ஏதோ ஒரு திரவத்தைச் செலுத்துகின்றது என்பது அவர் முடிவு. ஜான் ஹென்றி பாப்ர் என்ற இளம் ஆசிரியர் அம்முடிவை ஐயுற்றார். குளவி கொட்டிய வண்டுகளை அவர் நாட்கணக்கிற் கவனித்தார். அவை கழிவை வெளியேற்றின. மின்னோட்டத்தைப் பாய்ச்சினார், கால்கள் துடித்தன. வண்டு இறக்கவில்லை, அதன் அசைவு மட்டுமே பறிக்கப்பட்டது என்று 1855ஆம் ஆண்டில் அவர் எழுதினார். அழுகாமைக்குக் காரணம் மருந்தன்று, உயிரே.

பாப்ர் குறைந்த சம்பளத்தில் வாழ்ந்த பள்ளியாசிரியர். மாலை வகுப்புகளிலே பெண்பிள்ளைகளுக்குப் பூக்களின் கருக்கட்டலைப் பற்றிப் பாடஞ் சொன்னார் என்பதற்காகப் பழைமைவாதிகளின் சினத்திற்கு ஆளாகி, 1870ஆம் ஆண்டளவிற் பதவியையும் வாடகை வீட்டையும் இழந்தவர். அதேவேளை, டார்வினின் பரிணாமக் கொள்கையை இறுதிவரை ஏற்க மறுத்தவரும் அவரே. இரண்டையும் சேர்த்தே அவரை நினைவுகூர்தல் நேர்மையாகும்.

நம் கரையின் தென்னையிலே காணப்படும் கோனியோசஸ் நெபாந்திடிஸ் என்ற குளவியும் பிராக்கன் இனக் குளவிகளும் புழுவை அசையாமற் செய்யும் வகையைச் சேர்ந்தவை. கோனியோசஸ் முட்டையிட்ட பின்னும் புழுவைவிட்டு அகலுவதில்லை. குஞ்சுகள் கூட்டுப்புழுவாகும் வரையில் அருகேயே காவல் நிற்கும். தன்னினத்து வேறொரு தாய் வரின் போரிட்டுத் துரத்தும். பென்சிலுக்கு அது அஞ்சாததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. பிராக்கன் இனத்தின் நஞ்சினை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில விவசாயப் பரிசோதனை நிலையத்தில் ஆராய்ந்த ரைமன் பியர்ட் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு வியப்பூட்டுவது: புழுவின் இரத்தத்தில் இருபது கோடிப் பங்கிற்கு ஒரு பங்கு நஞ்சு இருந்தாலே அதன் அசைவு நின்றுவிடும். அந்நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் ஏவலை மாத்திரம் மறிக்கின்றது. முதுகு நெடுகிலும் ஓடும் குழாயாகிய புழுவின் இதயமோ தொடர்ந்து துடிக்கின்றது. உண்பதும் வளர்வதும் நின்றுபோன அவ்வுடலில், ஏற்கெனவே சேமித்த கொழுப்பும் புரதமும் வெல்லமும் குஞ்சுகளுக்கு உணவாகின்றன. இங்கு குளவி செய்வது களஞ்சியத்தைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொள்ளும் காரியமே.

இதனினும் நுட்பமான வேலையைச் செய்யும் குளவிகள் வேறுள. அவை புழுவின் உடலினுள்ளேயே முட்டையிடுகின்றன. தென்னைப் புழுவைத் தாக்கும் எரிபோரஸ் என்ற குளவியும், தேயிலைப் புழுவைத் தாக்கும் மக்ரோசென்ட்ரஸும் இத்தகையன. முட்டையை ஏற்ற புழு அசைவிழப்பதில்லை. ஊர்கின்றது, ஓலை தின்கின்றது, நோக்குபவருக்கு மற்றப் புழுக்களைப் போலவே தோன்றுகின்றது. ஆனால் அது தின்பது இனித் தனக்காகவன்று. இந்த இடத்திலேதான் அனுசேபம் என்று நம் பாடநூல்கள் கூறும் விடயம் வருகின்றது. உண்ட உணவை உடல் எவ்வாறு உடைக்கின்றது, எதனை எரிக்கின்றது, எதனைச் சேமிக்கின்றது, சேமித்ததை எப்போது எடுக்கின்றது என்ற வரவு செலவு முழுவதையும் குறிக்கும் சொல் அது. சொல்லை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதும் மாணவர் பலர். அதற்கு இக்குளவியைப் போன்ற உதாரணம் கிடைப்பது அரிது.

இந்த வரவு செலவுப் புத்தகம் விஞ்ஞானிகளின் கண்ணுக்குத் திறந்தது மெல்ல மெல்லவே. 1930களில் விக்கிள்ஸ்வேத் என்ற ஆங்கிலேயர், பூச்சியின் குடம்பிப் பருவத்தை நீட்டித்து வைக்கும் ஓமோன் ஒன்று அதன் தலையிற் சுரப்பதைக் கண்டறிந்தார். இன்று அது இளமை ஓமோன் எனப்படுகின்றது. மனித இரத்தத்திற் குளுக்கோசு வகிக்கும் இடத்தை, பூச்சிகளின் இரத்தத்தில் திரெகலோசு என்ற இரட்டை வெல்லம் வகிக்கின்றது என்பதை வயற், கால்வ் என்னும் இருவர் 1957இல் நிறுவினர். இவ்விரு அறிவும் கைக்கு வந்த பின்னரே, குளவி புகுந்த புழுவின் இரத்தத்தையும் புகாத புழுவின் இரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது.

அமெரிக்காவிற் புகையிலையைத் தின்னும் பெரியதொரு கொம்புப் புழு உண்டு. விரல் பருமனுள்ள அப்புழுவில் கொட்டீசியா என்ற குளவியின் குஞ்சுகள் வாழ்கின்றன. 1970களிலிருந்து அதன் இரத்தம் துளித்துளியாக அளக்கப்பட்டது. குளவி புகாத புழு, கூட்டுப்புழுவாகும் நாளை எதிர்நோக்கிக் கொழுப்பையும் கிளைக்கோசனையும் தன் கொழுப்புடலிற் சேர்த்து வைக்கின்றது. நம்முடைய ஈரல் செய்யும் வேலைகளிற் பலவற்றைப் பூச்சிக்குச் செய்வது இக்கொழுப்புடலே. குளவி புகுந்த புழுவிலோ அச்சேமிப்பு வற்றுகின்றது. வெல்லம் இரத்தத்திலே, குஞ்சுகள் மிதந்து பருகும் அந்தத் திரவத்திலே, புழங்குகின்றது. கலிபோர்னியாவில் தொம்சன் என்பவர் அடையாளமிட்ட காபன் அணுக்களை உணவிற் கலந்து அவற்றின் பாதையைத் தொடர்ந்தார். உண்ணும் உணவில் வெல்லம் குறையும்போது, புரதத்தின் கூறுகளிலிருந்து புதிய வெல்லத்தை ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் புழுவுக்கு இயல்பாக உண்டு. குளவி புகுந்த புழுவில் இவ்வாக்கம் தூண்டப்பட்டு மிகுவதை அவர் 2001இல் எழுதினார்.

இன்னொன்று, இளமை ஓமோன். புழு கூட்டுப்புழுவாக மாறவேண்டுமாயின் அவ்வோமோன் இரத்தத்தில் வீழ்ச்சியடைதல் வேண்டும். குளவி புகுந்த புழுவில் அது வீழ்வதில்லை. நான்சி பெக்கேஜ், லின் றிடிபோர்ட் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் 1980களின் தொடக்கத்தில் இதனைத் தெளிவுபடுத்தினர். புழு புழுவாகவே நிறுத்திவைக்கப்படுகின்றது; அது அந்துப் பூச்சியாகும் நாள் வருவதேயில்லை. இறுதியிற் குஞ்சுகள் தோலைத் துளைத்து வெளிவந்து வெண்ணிறக் கூடுகளை நெய்கின்றன. புழு அதன்பின்னும் சில நாட்கள், உண்ணாமல், உயிரோடு நிற்கும்.

ஓர் ஐயம் இயல்பாக எழும். அந்நிய முட்டை உடலினுள் விழுந்தால் புழுவின் இரத்தக் கலங்கள் அதைச் சூழ்ந்து மூடிக் கொன்றுவிட வேண்டுமே? கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜோர்ஜ் சோல்ற் பல தசாப்தங்களை இவ்வொரு வினாவிற்கே செலவிட்டார். 1960களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ், குளவியின் சூலகக் குழாயில் நுண்ணிய துணிக்கைகள் தென்பட்டன. முட்டையோடு சேர்ந்து புழுவினுட் செல்லும் அத்துணிக்கைகள் ஒருவகை வைரசு என்பதையும், புழுவின் காவற் கலங்களை முடக்குவது அதுவே என்பதையும் 1981இல் எட்சன், வின்சன், ஸ்டோல்ற்ஸ், சமர்ஸ் ஆகியோர் காட்டினர். இவ்வைரசு புழுவில் நோயாகப் பரவிப் பெருகுவதில்லை. தன் பரம்பரை அலகுகளைப் புழுவின் கலங்களிற் சேர்த்துக் குளவிக்கு வேண்டியதைச் செய்விக்கின்றது. கொட்டீசியாவின் குலத்துக் குளவிகள் ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பழைய வைரசு ஒன்றைத் தம் பரம்பரையிலேயே இணைத்துக்கொண்டன என்பது 2009இல் பிரான்சு நாட்டு ஆய்வாளரால் நிறுவப்பட்டது. எல்லாக் குளவிகளிலும் இது இல்லை; குறிப்பிட்ட சில குலங்களிலேயே உண்டு.

இதனை வகுப்பிலே சொன்னபோது, பின்வரிசை மாணவன் ஒருவன், "அப்ப சேர், குளவிதான் முதலாளி, புழுதான் தொழிலாளி" என்றான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன், பின்னர் மறுத்தேன். இத்தகைய உவமை நம் போன்றோர் எழுத்திற் பலமுறை வந்திருக்கின்றது. ஆனால் குளவிக்கு வேறு வழியில்லை. கூலியைக் குறைப்பவனுக்கு உண்டு. சுரண்டலை இயற்கையின் நியதியாகக் காட்ட விரும்புவோருக்கு நாமே உவமையைச் செதுக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. புழுவைக் குளவியாக்கிய குருமார் செய்த பிழையும் இதுதான்: பூச்சியைப் பார்க்குமுன் அதிலே தம்மைப் பார்த்தனர்.

இக்குளவிகளுக்கும் நம் நாட்டு மக்களின் வாழ்வுக்கும் உள்ள தொடர்பு உவமையில் இல்லை, தென்னையிலும் தேயிலையிலும் உள்ளது. கருந்தலைப் புழுவுக்கு ஒபிசினா அரெனோசெல்லா என்று 1864இல் வோக்கர் பெயரிட்டார். அதனையறியாது 1905இல் மெய்ரிக் நெபாந்திஸ் செரினோபா என்று மற்றொரு பெயரைச் சூட்டினார். மெய்ரிக்கும் ஒரு பள்ளியாசிரியர். கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்தவர். மொழியாசிரியருக்குப் பூச்சியில் என்ன வேலை என்று கேட்போருக்கு இப்பெயரைச் சொல்லி நான் தப்பித்துக் கொள்வதுண்டு.

அம்பாறை மாவட்டம் 1961இல் தனியாகப் பிரியுமுன் கல்முனைக் கரையையும் உள்ளடக்கியிருந்த மட்டக்களப்பு மாவட்டம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இப்புழுவின் பெருக்கத்திற்குப் பேர்போன பகுதி. அன்றைய வைத்தியம் ஓலையை வெட்டி எரித்தல். எரித்தபோது புழுவோடு அதனுள்ளிருந்த குளவியும் எரிந்தது. புழு தின்ற ஓலை தீய்ந்தாற்போலச் சருகாகும். கிடுகு பின்னும் பெண்களுக்கு அது உதவாது. ஒரு பாளை குருத்தினுட் கருக்கொண்டு, விரிந்து, தேங்காயாக முற்றுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். ஆதலின் ஒரு கோடையில் ஓலையை இழந்த மரத்தின் நட்டம் அந்தக் கோடையோடு முடிவதில்லை. நாலைந்து தென்னைகளை நம்பி வாழும் வளவுக்காரர் இதனைக் கணக்குப் பார்க்காமலே அறிவர்.

சென்னை மாகாணத்தின் தென்னந்தோப்புகளிலே இப்புழுவுக்கெதிராகக் குளவிகளை வளர்த்து விட்ட முயற்சிகளை ராமச்சந்திர ராவ், செரியன், அனந்தநாராயணன் ஆகியோர் 1948இல் விரிவாக எழுதினர். நமது தீவின் பெரும் வெற்றி தேயிலையிலே கிடைத்தது. தேயிலை இலைகளை நூலாற் பிணைத்துத் தின்னும் ஒருவகைப் புழு மலைநாட்டுத் தோட்டங்களை வாட்டியது. முட்டைக் கூட்டங்களைக் கையாற் பொறுக்குவது அதுவரையிற் செய்யப்பட்ட வைத்தியம். அந்தக் கைகள் யாருடையவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1935-36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் ஹோமொனே என்ற குளவி கொண்டுவரப்பட்டது. அது மலைநாட்டில் நிலைத்துப் பரவிற்று; சில ஆண்டுகளிற் புழுவின் கொட்டம் அடங்கியது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக் காட் என்பவர் 1941இல் அதன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

பின்னர் நடந்தது கவனித்தற்குரியது. தேயிலைக் கொப்புகளைத் துளைக்கும் ஒரு சிறு வண்டை ஒழிப்பதற்காக 1950களின் பிற்பகுதியிலிருந்து டில்ட்ரின் என்ற நஞ்சு தெளிக்கப்பட்டது. இலைகளுக்கிடையே பிணைத்த கூட்டினுள் மறைந்திருந்த புழு தப்பியது; வெளியிற் பறந்து திரிந்த குளவி மடிந்தது. இருபது ஆண்டுகளாக அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகிற்று. குளவி ஒவ்வொரு புழுவின் அனுசேபத்தையும் தன்வசப்படுத்தி ஓசையின்றிச் செய்துவந்த வேலை எவ்வளவு பெரியது என்பது, அது இல்லாமற் போனபோதுதான் தோட்டக் கணக்குகளிற் தெரிந்தது.

தமிழிலே நாம் பயிர்நஞ்சை மருந்து என்று அழைக்கின்றோம். இச்சொல்வழக்கம் எனக்கு ஒருபோதும் ஒத்துவந்ததில்லை. தென்னையின் அடிமரத்தைத் துளைத்துச் செலுத்திய மொனோகுரோட்டோபொஸ் நாட்டில் எத்தனையோ தற்கொலைகளுக்குக் கருவியானதனால் 1995இல் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயிற்று. அதுவும் மருந்து என்றே அழைக்கப்பட்டது.

ஆயினும் நஞ்சை ஒரே நாளில் நிறுத்தினால் குளவி வந்து காத்துவிடும் என்பதும் பிரமர கீட நியாயம் போன்றதொரு நம்பிக்கையே. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தினதும் பயிர்நஞ்சினதும் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, மாற்று ஏற்பாடு எதுவும் விவசாயியின் கையில் இருக்கவில்லை, அறுவடைகள் வீழ்ந்தன, அவ்வாண்டு நவம்பரிலே தடை கைவிடப்பட்டது. குளவிக்குத் தன் காலக்கணக்கு உண்டு. இலங்கைத் தென்னைப் புழுவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பெரேரா, ஹசெல், கொட்பிரே ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகின்றது. வெப்ப நாட்டிற் பூச்சியின் எல்லாப் பருவங்களும் எப்போதும் கலந்தே காணப்படும் என்றுதான் எதிர்பார்ப்போம். தென்னைப் புழுவோ தலைமுறை தலைமுறையாக, ஒரே வயதினதாக, அலைபோல வருகின்றது. புழுவின் ஆயுளிற் பாதியளவே வாழும் குளவிகளின் தாக்குதல் அத்தகைய அலையை உண்டாக்கக்கூடும் என்று கொட்பிரேயும் ஹசெலும் முந்திய ஆண்டிலேயே கணிதத்தாற் காட்டியிருந்தனர். ஆகவே குளவிக்கு ஏற்ற பருவத்துப் புழு சில வாரங்களில் மட்டுமே கிடைக்கும். அந்த வாரந் தவறி விட்ட குளவி வீண். எந்த வாரம் என்பதை ஒரு வளவுக்காரர் தனித்து அறிய முடியாது. ஊரின் ஓலைகளை ஒருவர் தவறாமற் பார்த்து வரவேண்டும். அதற்குச் சம்பளம் கொடுக்கப் பூச்சிநஞ்சு விற்கும் எந்த வணிகரும் முன்வரமாட்டார். அது பொதுப்பணத்தாலும், அயலவர் ஒத்துழைப்பாலும் நடக்கவேண்டிய காரியம்.

அன்று நான் அந்த மாணவனிடம், நாளை விடை சொல்கிறேன், வாப்பாவிடம் ஒருநாள் பொறுக்கச் சொல் என்று மட்டுமே கூறியிருந்தேன். அவர் ஒரு வாரம் பொறுத்தார். ஓலைத் துண்டை அவன் ஜாம் போத்தலில் இட்டு, வாயைத் துணியாற் கட்டி, விஞ்ஞான அறையின் யன்னலோரத்தில் வைத்தான். புழு நாளுக்கு நாள் சுருங்கி வெறுந் தோலாயிற்று. அதனருகே சின்னஞ்சிறு கபிலநிறக் கூடுகள் தோன்றின. இரண்டு வாரத்தளவில் போத்தலினுட் பதினொரு குளவிகள் பறந்தன. எண்ணியது அவன், நான் எண்ணியபோது பத்துத்தான் வந்தது.

மாலையில் அவற்றைத் தன் வளவுக்குக் கொண்டுபோய் ஒரு தென்னையடியில் திறந்துவிட்டதாக மறுநாள் சொன்னான். வாப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "பாத்துக்கிட்டு நிண்டார் சேர்" என்றான். பின்னர், பக்கத்து வளவில் அந்நேரம் மருந்தடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது என்றும் சொன்னான்.